கொளுத்தாத மெழுகுவர்த்தி

ஹெலினா டீச்சருக்குப் பாம்பென்றால் பயமில்லை, இருட்டென்றால் பயமில்லை, மாமியார் உயிரோடிருந்த காலத்தில் அவரிடமும் பயமில்லை. வகுப்பில் சத்தம் நின்றுவிட்டால் மட்டும் ஈரக்குலை நடுங்கிவிடும். நாற்பது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு தன் முகத்தையே பார்க்கிற அந்த அமைதி இருக்கிறதே, அதற்குப் பதில் கல்லறைத் தோட்டத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துவிடலாம் என்பாள். டீச்சர்களெல்லாம் சத்தத்துக்குத்தானே பயப்படுவார்கள், இதென்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேயில், கட்கியில்தான். தாத்தா தெற்கே நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அப்பாவும் அங்கேதான், கட்டிக்கொண்ட தேவநேசனும் அங்கேதான். அவள் படித்தது பி.ஏ. சரித்திரம், அதற்கு மேல் ஒரு பி.எட். மகன் ஜெரோஷ் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, தொண்ணூறாம் வருஷம், பஜாருக்குப் பின்னால் இருந்த இங்கிலீஷ் பள்ளியில் சரித்திர டீச்சராகச் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு அங்கிருந்த சயன்ஸ் டீச்சர் கல்யாணமாகி நாக்பூருக்குப் போய்விட்டார். அப்போதிருந்த தலைமையாசிரியை ஹெலினாவைக் கூப்பிட்டு, “புத்தகம்தான் இருக்கிறதே, படித்துவிட்டுச் சொல்லிக் கொடுங்கள்” என்று சயன்ஸைத் தலையில் கட்டிவிட்டார். அவளும் அசோகர், அக்பர் வருஷங்களை உருப்போட்ட மாதிரியே ஆக்ஸிஜனையும் நுரையீரலையும் உருப்போட்டாள்.

ஆரம்பத்தில் அவளுக்கும் ஆசை இருந்தது. ஒருநாள் மழையைப் பற்றிய பாடம். புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி அவளுக்கே தோன்றியது. “கடல் தண்ணீர்தானே மழையாக வருகிறது? அப்படியென்றால் மழை ஏன் உப்புக் கரிப்பதில்லை?” வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ்தான், நடுநடுவே மராத்தி, நான் தமிழில் சொல்கிறேன். பிள்ளைகள் யோசித்தார்கள். ஒருத்தன் பென்சிலைக் கடித்தான், ஒருத்தி கூரையைப் பார்த்தாள். நல்ல அமைதி அது, யோசிக்கிற பிள்ளைகளின் அமைதி. ஆனால் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியைக்கு அது எப்படித் தெரியும்? சடாரென்று கதவைத் திறந்தார்.

“இது வகுப்பா, கல்லறையா? சத்தத்தையே காணோம்! பாடம் நடத்தத் தெரியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், வேறு ஆளைப் பார்க்கிறேன்.”

பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். ஹெலினாவுக்குக் காது இரண்டும் எரிந்தது. வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ என்று அன்று முழுக்கத் தலைமையாசிரியை கண்ணில் படாமலே சுற்றினாள். அதோடு சரி, அந்த மழைக் கேள்விக்கு அவள் வகுப்பில் யாரும் பதில் சொல்லவேயில்லை.

அன்றிலிருந்து அவள் வகுப்பில் ஒரு விநாடி அமைதி கிடையாது. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி இழுப்பாள்; மீதியைப் பிள்ளைகள் கோரஸாக முடிப்பார்கள். “இதயத்துக்கு எத்தனை அறைகள்? நா...” “...ன்கு!” “தாவரம் வெளியே விடுவது ஆக்...” “...ஸிஜன்!” வராந்தாவரைக்கும் கேட்கும். சும்மா சொல்லக் கூடாது, பரீட்சையில் அவள் பிள்ளைகள் மார்க்கை அள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாட்களுக்கென்று அந்தப் பள்ளியில் பழைய ஏற்பாடு ஒன்றும் இருந்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கூப்பிட்டுக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு வகுப்பு முழுக்க அறிவாளிகளாகத் தெரியும்.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பயம் போகவேயில்லை. என்றைக்காவது ஒரு பிள்ளை எழுந்து புத்தகத்தில் இல்லாததைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? சரித்திரக்காரி சயன்ஸ் வேஷம் போடுவது அம்பலமாகிவிடுமே! அதனால் வேகம், மேலும் வேகம். சந்தேகம் கேட்க யாருக்கும் இடைவெளி கொடுக்க மாட்டாள்.

அந்த வேலையும் நிரந்தரமில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நிறுத்திவிட்டதாகக் கடிதம் கொடுப்பார்கள், ஜூனில் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் மே மாதம் முழுக்க அவள் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று செத்துப் பிழைப்பாள்.

இரண்டாயிரத்து மூன்றில் மிஸஸ் பெண்ட்ஸே என்பவர் புதுப் பிரின்சிபலாக வந்தார். வாயைத் திறந்தால் பிள்ளைகள் யோசிக்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்க வேண்டும், உருப்போடுவது ஒழிய வேண்டும் என்பார். ஏதோ பயிற்சி முகாமுக்கெல்லாம் போய்வந்தவர். அடுத்த ஜனவரியில் டீச்சர்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். சயன்ஸுக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருக்கிறது. கேட்கிற ஒவ்வொருவரும் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பிள்ளைகளை யோசிக்க வைக்கிற பாடமாக இருக்க வேண்டும், கண்ணெதிரே ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும். பார்ப்பதற்கு வெளியிலிருந்து அப்யங்கர் சார் வருவார், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்றவர். கிடைக்காதவர்களுக்கு ஏப்ரல் கடிதம்தான், ஜூனில் கூப்பிட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பையை வைத்தவள் வைத்த இடத்திலேயே நின்றாள்.

“என்னட்டி, முகம் இப்படிச் சுண்டிக் கெடக்கு?” என்றான் தேவநேசன்.

விஷயத்தைச் சொன்னாள். அவன் சாய் கப்பைக் கீழே வைத்தான்.

“மே மாசத்தோட எனக்கு சர்வீஸ் முடியுதுல்லா. குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லிருவான். ஜெரோஷுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ் கெடக்கு. ஒன் வேலையும் போச்சுன்னா எங்கிட்டுப் போவ?”

“அதத்தாங்க நானும் நெனச்சுக்கிட்டு வந்தேன்.”

“பயப்படாத. நல்லாத்தான நடத்துத?”

பயப்படாதே என்றால் நிற்கிற பயமா அது? அவளுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

கிடைத்த பாடம் எரிதல். சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி நிறுத்தி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், தம்ளருக்குள் தண்ணீர் ஏறும். எரிந்து தீர்ந்த ஆக்ஸிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று அவள் பதின்மூன்று வருஷமாக எழுதிப்போட்டு வந்தாள். எழுதிப்போட்டாளே தவிர, ஒருதரம்கூடச் செய்து பார்த்ததில்லை. கரும்பலகையில் படம் வரைவாள், முடிந்தது. காரணம் தீப்பெட்டி. தொழிற்சாலைக் குடும்பங்களில் தீக்குச்சி என்றால் எமன். வாசலில் ஒவ்வொருவன் சட்டைப் பையையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். மறந்துபோய் ஒரு குச்சி கிடந்தால் வேலை அம்போ. அவள் அப்பா வீட்டுக்குள்ளேகூடத் தீப்பெட்டி வைக்கவிட மாட்டார். தேவநேசனும் அப்படித்தான், அடுப்புக்கு அமுக்குகிற லைட்டர்தான். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் குச்சியைக் கிழிப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

உடன் வேலை பார்த்த பாமா கணக்கு டீச்சர். வங்கிக்காரர் மனைவி, தஞ்சாவூர்ப் பக்கம், எதற்கும் அசராதவள்.

“ஏன்டி இப்படிப் பயந்து சாகறே? யோசிக்கறதுதானே கேக்கறா? அதையும் ஒத்திகை பாத்துட்டாப் போச்சு.”

“யோசிக்கிறத எப்படி ஒத்திகை பாப்பாங்க, பாமா?”

“ஆண்டு விழா டிராமாவுக்குப் பாக்கறோமோல்லியோ? யாரு சந்தேகம் கேக்கணும், யாரு மறுத்துப் பேசணும், எல்லாம் நீயே பிரிச்சுக் குடுத்துடு.”

சிரிக்காதீர்கள். பயந்தவளுக்கு அது தேவவாக்காகப் பட்டது. ஹெலினா ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மத்தியானமெல்லாம் பழக்கினாள். கொளுத்தாத மெழுகுவர்த்தியை வெறும் தட்டில் நிறுத்தி, தம்ளரைக் கவிழ்த்து, “இப்போது அணைந்துவிட்டது, தண்ணீர் ஏறிவிட்டது” என்பாள். நன்றாகப் பேசுகிற ஹர்ஷா என்ற பையன் உடனே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “மிஸ், எனக்கு ஒரு சந்தேகம். ஆக்ஸிஜன் தீர்ந்ததால்தான் அணைந்தது என்று நாம் எப்படி நம்புவது?” என்று கேட்க வேண்டும். அவள், “அருமையான கேள்வி! எல்லாரும் யோசியுங்கள்” என்பாள். எல்லாரும் கன்னத்தில் விரல் வைத்து யோசிக்க வேண்டும். அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மனசுக்குள் பரமண்டல ஜெபத்தை ஒருமுறை சொல்லி முடிக்கிறவரைக்கும் பொறுத்துக்கொள்வது, அப்புறம் கை தூக்கச் சொல்வது. கர்த்தர் மன்னிக்கட்டும், பயத்தில் அவள் அந்த ஜெபத்தை விரைவு ரயில் வேகத்தில் சொன்னாள்.

பின் பெஞ்சில் வைஜயந்தி என்று ஒரு பெண். பழைய இரும்புக் கடைக்காரர் மகள். எதையும் மெதுவாகச் செய்வாள், மெதுவாகப் பேசுவாள், கோரஸில் எப்போதும் ஒரு வார்த்தை பின்தங்குவாள். “நீ இடது கையை மட்டும் தூக்கினால் போதும், சரியா?” என்று ஹெலினா அவளிடம் தனியாகவே சொல்லி வைத்தாள். அது தலையை ஆட்டிக்கொண்டது.

அந்த நாளும் வந்தது. பிரின்சிபலும் அப்யங்கர் சாரும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஹெலினா தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது பற்றிய வேகத்தில் அவளே ஊதி அணைத்துவிட்டாள். பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது குச்சியில் எப்படியோ திரி பிடித்தது. தம்ளரைக் கவிழ்த்தாள். சுடர் துடித்தது, சுருங்கியது, அணைந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை, அப்யங்கர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், எனக்கு ஒரு சந்தேகம்” என்று ஹர்ஷா பிசிறில்லாமல் கேட்டான். கன்னங்களில் விரல்கள் ஏறின. ஜெபம் முடிந்தது. கைகள் எழுந்தன. வலது கைகளாகப் பார்த்துக் கூப்பிட்டாள். ஒருத்தி ஆதரித்தாள், ஒருத்தன் மறுத்தான், எல்லாம் பழக்கியபடியே. அப்யங்கர் சார் தலையாட்டித் தலையாட்டி எழுதினார். ஹெலினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி முடிவைக் கரும்பலகையில் எழுத வேண்டியதுதான் பாக்கி.

“அந்தக் கடைசி பெஞ்ச் பெண் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறாளே” என்றார் பிரின்சிபல்.

வைஜயந்தி. இடது கை. எல்லாரும் இறக்கிய பிறகும் அவள் இறக்கவில்லை.

இடது கையைக் கூப்பிட்டால் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? கூப்பிடாமலும் இருக்க முடியாது.

“சொல்லு, வைஜயந்தி.”

அவள் மெதுவாக எழுந்தாள். “மிஸ், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தபோது தண்ணீர் ஏறவே இல்லை.”

“என்னது?”

“எரியும்போது அப்படியே இருந்தது. ஓரத்தில் குமிழிதான் வந்தது. அணைந்த பிறகுதான் சர்ரென்று ஏறியது. ஆக்ஸிஜன் எரிய எரியத்தானே தீரும்? அப்படியென்றால் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஏற வேண்டும்? ஏன் அப்புறமாக ஏறியது?”

அட பாவி மகளே! வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒத்திகையில் கொளுத்தாத மெழுகுவர்த்தியைப் பார்த்துப் பார்த்து வசனம் பழகிய பிள்ளைகள், கொளுத்தியதைப் பார்க்கவேயில்லை. பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

ஹெலினாவுக்குப் பதில் தெரியாது. புத்தகத்தில் இல்லை. “அது சிலபஸில் இல்லை, உட்கார்” என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பதின்மூன்று வருஷமாக எத்தனையோ பேரை உட்கார வைத்த வாக்கியம். சொல்லிவிட்டால் வீடு தப்பும், ஜெரோஷ் படிப்பு தப்பும். ஆனால் அந்தப் பெண் கேட்டது நிஜமா என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பதுதான் அவள் மண்டையில் அடித்தது. எரியும்போது தண்ணீர் ஏறியதா இல்லையா? இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவள் ஒருதரம்கூடப் பார்த்ததில்லையே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எனக்குத் தெரியாது” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “நான் பார்க்கவில்லை. மறுபடியும் கொளுத்துவோம். எல்லாரும் கிட்டே வாருங்கள்.”

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஹெலினா குச்சியைக் கிழித்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தம்ளர் கவிழ்ந்தது. ஒரு சத்தமில்லை. தண்ணீர் அசையாமல் நின்றது. விளிம்பில் இரண்டு குமிழி வெளியே வந்தது. சுடர் சாய்ந்து அணைந்தது. அப்புறம்தான் தண்ணீர் மளமளவென்று ஏறியது.

“ஆமா! ஆமா, மிஸ்!”

“அப்போ காற்றுதான் வெளியே போயிற்றா?”

“சூட்டில் போயிருக்கும்!”

குட்டையாக ஒரு பையன் முண்டியடித்துக்கொண்டு வந்தான். “மிஸ், என் சாப்பாட்டு டப்பா மாதிரி! அம்மா சூடாகப் போட்டு மூடித் தருவார்கள். மத்தியானம் ஆறியிருக்கும், மூடி உள்ளே இழுத்துக்கொண்டு திறக்கவே திறக்காது!”

அவனவன் தன் டப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஹர்ஷாகூட வசனத்தை மறந்துவிட்டு, “ஆறினால் ஏன் இழுக்கிறது?” என்று வைஜயந்தியிடம் சண்டைக்குப் போனான். டப்பாவுக்கும் தம்ளருக்கும் சம்பந்தம் உண்டா என்று ஹெலினாவுக்குத் தெரியவில்லை, ஆனால் பிள்ளைகள் முகத்திலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. கரும்பலகையில் முடிவு என்று எழுதியதற்குக் கீழே ஒன்றுமில்லை.

போச்சு, எல்லாம் போச்சு. ஸ்டாஃப் ரூமில் அவள் தண்ணீர் குடித்தாள், மறுபடியும் குடித்தாள். பாமா வந்து தோளைத் தொட்டபோது கண் கலங்கிவிட்டது.

“நானே என் வாயால தெரியாதுன்னுட்டேன், பாமா. குவார்ட்டர்ஸும் போயி, இதுவும் போயி... வீட்டுல அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

சாயங்காலம் பிரின்சிபல் அறைக்குக் கூப்பிட்டார்கள். போய் நின்றாள். அப்யங்கர் சார் புன்னகையோடு இருந்தார்.

“அந்தப் பையன் கேட்டானே, எப்படி நம்புவது என்று! அற்புதம். பிள்ளைகளைச் சந்தேகப்படப் பழக்கியிருக்கிறீர்கள். நான் பார்த்ததிலேயே சிறந்த வகுப்பு, முதல் பாதி.”

ஹெலினாவுக்கு முகம் கன்றிவிட்டது. தானே எழுதிக் கொடுத்த வசனத்துக்குக் கிடைத்த பாராட்டை எங்கே வைத்துக்கொள்வது?

“கடைசியில்தான் கை நழுவவிட்டுவிட்டீர்கள்” என்றார் அவர். “கூட்டம் கூடி, கூச்சல் போட்டு, பதிலே வராமல் மணி அடித்துவிட்டது. டீச்சர் தெரியாது என்று சொல்லலாமா?”

பிரின்சிபல் கடிதத்தை நீட்டினார். “இடம் உங்களுக்குத்தான். இரண்டு வருஷம் பார்ப்போம், அதற்கப்புறம்தான் நிரந்தரம். நான் வராந்தாவில் அடிக்கடி வருவேன். கேள்வி கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மணி அடிப்பதற்குள் பதில் பலகையில் இருக்க வேண்டும். வகுப்பு ஊமையாகவும் நிற்கக் கூடாது, சந்தையாகவும் ஆகக் கூடாது.”

தேவநேசன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜெபம் பண்ணினான், பஜாருக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தான். “பாத்தியா, நான் சொன்னேம்லா?” என்றான். அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். பொய்க்குக் கிடைத்த வேலை, நிஜத்துக்குக் கிடைத்த திட்டு. அது அவனிடம் சொல்லிப் புரிகிற விஷயமில்லை. பயம் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. இரண்டு வருஷத்துக்கு அது நீண்டுவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழாம் வகுப்பு. அதே பிள்ளைகள். ஹெலினா நேற்றைய பாடத்தின் முடிவைப் பலகையில் எழுதச் சாக்பீஸை எடுத்தாள். ஆக்ஸிஜன், காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அணைந்தது, ஏறியது. நான்கு வரி, அவ்வளவுதான் வேலை. பிள்ளைகள் நோட்டைத் திறந்து காத்திருந்தார்கள். வைஜயந்தியும் திறந்து வைத்திருந்தாள்.

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள்.

“நேற்று வைஜயந்தி கேட்டாளே, அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. டப்பா மூடி ஆறினதும் ஏன் இழுத்துக்கொள்கிறது? அதற்கும் தம்ளரில் தண்ணீர் ஏறினதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா? யோசித்துச் சொல்லுங்கள். கன்னத்தில் விரல் வைக்க வேண்டாம்.”

அமைதி. பென்சில் ஒன்று உருண்டது. தண்டவாளத்தில் லோக்கல் ரயில் போகும் சத்தம் கேட்டு நின்றது. ஹெலினா பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள், முடித்தாள். ஒரு கை எழவில்லை. அப்போது வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்தது. அவளுக்குத் தெரிந்த செருப்பு. டக் டக்கென்று வந்து, கதவுக்கு வெளியே நின்றது.

“ஆக்...” என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், நாற்பது வாயும் கூரை அதிர முடித்துவைக்கும், செருப்பு நகர்ந்துவிடும். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தன் தன் டப்பாவை வெளியே எடுத்து மூடியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பியது. ஹெலினா மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, ஜெபத்தை முதலிலிருந்து, இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக, மறுபடியும் தொடங்கினாள். கதவு திறந்தபோது கடைசி பெஞ்சில் ஒரு இடது கை எழுந்தது.

“சொல்லும்மா” என்றாள் ஹெலினா.